பியாட்ரிஸ் டீச்சரும் மஸ்தான் பாயின் ஜெனரேட்டரும்

போன மாதம் ஒரு கல்யாணத்தில், ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் பையன்கள் நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கைப்பேசியை எடுத்து, யாரோ ஒரு பாடகி சுருதி விட்டுப் பாடியதையும், தான் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டி அதை நேராக்கியதையும் போட்டுக் காட்டினான்.

"உங்க காலத்துல பாடறவங்க சுருதி விட்டா என்னா பண்ணுவீங்க அங்கிள்?"

"திரும்பப் பாடச் சொல்லுவோம்."

"அப்பவும் விட்டா?"

"திட்டுவோம்."

"அப்பவும் விட்டா?"

"ஒரு தடவை பாடினவங்க சரியா இருந்தாங்கப்பா. மொத்த ஸ்டுடியோவும் சுருதி விட்டிருந்துச்சு" என்றேன். நான் கதை விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். அதற்குள் பாயசம் வந்துவிட்டதால் பேச்சு அங்கேயே நின்றது. நான் கதை விடுகிற ஆள் இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஒக்கலிபுரத்துக்காரன், கன்னட ஊரில் வளர்ந்த தமிழன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் வீட்டு வழக்கம். சண்டையைக்கூட அப்படித்தான் போடுவோம். ரேடியோ மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம், ரிப்பேர் கடை மூன்று வருடம், அப்புறம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் உதவி ஒலிப்பதிவாளன். பக்திக் கேசட், சோப்பு விளம்பரம், கன்னட நாடகம், குடும்பக் கட்டுப்பாட்டுப் பாட்டு என்று எது வந்தாலும் பதிவு செய்தோம். இப்போது சொல்லப்போகிற விஷயம் தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது எனக்கு நாற்பது வயது, எல்லாம் தெரியும் என்கிற நினைப்பும் இருந்தது.

எங்கள் தலைமை ஒலிப்பதிவாளர் சாமண்ணா சார். மைசூர்க்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், இரண்டிலும் குறைவாகவே பேசுவார். காலை பத்து மணிக்கு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு டேப் மெஷினுக்கு முன்னால் நிற்பார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் உரசிப் போகிற இடங்களைத் துடைப்பார். துடைத்த பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அதில் பழுப்பு தெரிந்தால் மறுபடி துடைப்பார். அந்தப் பத்து நிமிடம் முதலாளியே வந்தாலும் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

அது முடிந்ததும் சுவர்க் கடிகாரம். கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு மேலே, முதலாளி வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பெரிய கடிகாரம் ஒன்று தொங்கியது. சாவி, செல் எதுவும் கிடையாது, நேராகக் கரண்டிலேயே ஓடும். தினமும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ பின்னால் போயிருக்கும். சாமண்ணா சார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைத் திருத்திவிட்டு, "ஃபாரின் மால், சோம்பேறி" என்பார். இருபது வருடமாக அந்தக் கடிகாரத்தை அவர் திட்டியதுதான் நான் கேட்ட அவருடைய ஒரே வசவு.

ஆட்களை அவர் திட்டவே மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு தடவை துடைத்தால் சின்னத் தப்பு. இரண்டு தடவை என்றால் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று தடவை என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வர வேண்டும். நாலாவது துடைப்பை யாரும் பார்த்ததில்லை.

கடைசியாக லாக் ஷீட். எந்தப் பாட்டு, எத்தனையாவது டேக், எந்த மைக், மின்சாரம் லைனா ஜெனரேட்டரா என்று கட்டம் கட்டமாக ஒரு தாள். அதில் பொய் எழுதுவது சாமண்ணா சாருக்குக் கோயிலில் செருப்போடு நடப்பது மாதிரி. நானோ காலையிலேயே எல்லாத் தாள்களிலும் மின்சாரக் கட்டத்தில் 'லைன்' என்று எழுதி அடுக்கி வைத்துவிடுவேன். வேலை மிச்சம் பாருங்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ஸ்டுடியோவுக்கு எட்வின் வந்து சேர்ந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், ராத்திரி ஹோட்டல்களில் ஜாஸ் கிடார் வாசிக்கிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த மெட்டுகள் எட்டு வைத்திருந்தார். அதை ஆல்பமாக்கக் கேசட் கம்பெனி ஒன்று சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை, மூன்று பாட்டிலாவது குரல் வேண்டும். வெறும் கிடாரை யார் கேட்பார்கள் என்று கம்பெனிக்காரர் கேட்டாராம். குரல் இல்லாவிட்டால் கேசட் இல்லை.

ஜாஸ் என்றால் என்ன என்று சாமண்ணா சார் விசாரித்தார்.

"ஒரு தடவை வாசிச்ச மாதிரி இன்னொரு தடவை வாசிக்கக் கூடாது சார்" என்றார் எட்வின்.

சார் தன் லாக் ஷீட்டைப் பார்த்தார். "அப்போ தப்பு எது அப்படின்னு எப்படித் தெரியும்?"

எட்வின் கிடார் பெட்டியைத் திறக்கப் போய்விட்டார்.

கிடார், டிரம்ஸ், பேஸ் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில், காலை வேளைகளில் பதிவு செய்து முடித்தோம். அருமையாக வந்தது. பிறகு குரல். சினிமாவில் பாடும் பெண்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இருவரும் நேராக நிற்க வேண்டிய ஸ்வரத்தை வளைத்து நெளித்து அலங்காரம் செய்தார்கள். எட்வின் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் தன் அம்மாவின் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பியாட்ரிஸ் டீச்சர். ஐம்பத்தெட்டு வயது, ஸ்கூலில் பாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், சர்ச்சில் கொயர் என்கிற பாட்டுக் குழுவை நடத்துகிறவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கறுப்பு ஹேண்ட்பேக். காலையில் வீட்டில் பியானோ வகுப்பு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கொயர். அதனால் ஸ்டுடியோவுக்கு மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மட்டும்தான் வருவார். எந்தக் கருவியும் தொடாமல் எந்த ஸ்வரத்தையும் சொல்கிற காது அவருக்கு. வாசலில் ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தால், "பி ஃப்ளாட்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அந்தக் கோடையில் தினமும் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கரண்ட் கட். டீச்சருக்கும் கரண்ட் கம்பெனிக்கும் ஒரே டைம் டேபிள். ஸ்டுடியோவில் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் அது போடுகிற சத்தத்தில் குரல் பதிவு செய்ததே கிடையாது. மைக்குக்குள் டிராக்டர் புகுந்த மாதிரி கேட்கும். வேறு நேரமும் இல்லை. சாமண்ணா சார் கையைப் பிசைந்தார்.

அப்போது என் மூளை வேலை செய்தது. பின்கட்டுக்குப் போனேன். ஜெனரேட்டர் ஆபரேட்டர் மஸ்தான் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், கொஞ்சம் ஸ்பீடைக் குறைங்க. சத்தம் மைக்குல வருது."

"ஹல்லூ ஓட்டணுமா சாப்?" தக்கினி உருது பேசுகிறவர், மெதுவாக என்பதற்கு அவர் பாஷையில் ஹல்லூ. "ஓட்டலாம். ஆனா மிசினுக்கு மூச்சு முட்டும்."

"முட்டட்டும். மூணு மணி நேரம்தானே."

திருகைத் திருகினார். உறுமல் முனகலாக இறங்கியது. ஓடிப்போய் வோல்டேஜ் மீட்டரைப் பார்த்தேன், முள் இருநூற்று முப்பதில் ஆடாமல் நின்றது. எனக்கு என் மேலேயே மரியாதை வந்துவிட்டது. இதைச் சாரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

டீச்சர் உள்ளே போய் ஹெட்ஃபோன் மாட்டினார். டேப்பை ஓட்டினேன். நாலு வினாடியில் கை தூக்கினார்.

"எட்வின், இந்தப் பாட்டு ஜி-ன்னு தானே சொன்ன?"

"ஆமா ஆன்ட்டி, ஜி."

"இது ஜி இல்ல. ஜி-க்குக் கீழ, எஃப் ஷார்ப்புக்கு மேல, நடுவுல எங்கயோ அந்தரத்துல நிக்குது."

எட்வின் சிரித்துக்கொண்டே கிடாரை எடுத்து டேப்போடு மீட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கிடார் டேப்பைவிட மேலே இருந்தது. "வெயில்ல கம்பி ஏறிடுச்சு" என்று சொல்லி, டேப்புக்கு ஏற்ற மாதிரி கம்பிகளைத் தளர்த்தினார். டீச்சர் எழுந்து வந்து மூலையிலிருந்த பியானோவில் ஜி-யைத் தட்டினார். அதுவும் டேப்பைவிட மேலே.

"பியானோவும் ஏறிடுச்சு" என்றார் எட்வின்.

"வெயில்ல ஏறுறதுக்கு அது என்ன அவரைக் கொடியா?" என்றார் டீச்சர்.

அன்றைக்கு ஒரு வரிகூடப் பதிவாகவில்லை.

மறுநாள் காலை பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவரை வரவழைத்தோம். லைன் கரண்ட் இருந்தது. அவர் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்ல சார், பச்சைக் குழந்தை மாதிரி இருக்கு. எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார். டேப்பை ஓட்டினோம். பியானோவும் டேப்பும் ஒன்றாக நின்றன. எட்வினின் கிடார் மட்டும் கீழே கிடந்தது.

"நேத்து ஏறின கம்பி இன்னைக்கு இறங்கிடுச்சா?" என்று எட்வின் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிடாரை மறுபடி சரி செய்தார். சாமண்ணா சார் ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்தார், யாருக்காக என்று தெரியவில்லை.

மதியம் இரண்டு மணி. கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஹல்லூ ஹல்லூ என்று கிளம்பியது. டீச்சர் ஹெட்ஃபோன் மாட்டினார், கை தூக்கினார்.

"மறுபடியும் கீழ இருக்கு."

எட்வினுக்குப் பொறுக்கவில்லை. கேசட் கம்பெனிக்காரர் அந்த வாரம் முடிவதற்குள் குரல் வேண்டும் என்று கெடு வைத்திருந்தார். தெரிந்த சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள், வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றும் சொல்லியிருந்தார். அந்தக் கோபமெல்லாம் சேர்ந்து வந்தது.

"ஆன்ட்டி, காலையில எல்லாம் கரெக்டா இருக்கு. பியானோக்காரர் பார்த்துட்டுப் போயிட்டாரு. நீங்க வந்தா மட்டும் கீழ போகுதுன்னா, போறது டேப் இல்ல ஆன்ட்டி. உங்க காது. வயசாச்சுன்னா ஆகும், அதுல தப்பு இல்ல."

டீச்சர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எட்வின் வெளியே போய் சிகரெட் பற்ற வைத்தார். நான் மைக்கைச் சரி செய்கிற சாக்கில் உள்ளே போனேன்.

"தம்பி," என்றார் தாழ்ந்த குரலில், "நீ தினம் இதுல உக்காந்திருக்கிறவன். உண்மையைச் சொல்லு. எனக்குக் காது போயிடுச்சா?"

நான் என்ன சொல்ல? "அப்படியெல்லாம் இல்லங்க டீச்சர்" என்றேன், இழுத்து. அந்த இழுப்பை அவர் கேட்டுவிட்டார்.

"எனக்குன்னு ஒண்ணும் பெருசா இல்ல தம்பி. இந்தக் காது ஒண்ணுதான் என்னைக்கும் என்னை ஏமாத்தாம இருந்துச்சு" என்றார். மைக்கை இரண்டு தடவை சரி செய்தேன், அதில் சரி செய்ய ஒன்றுமே இல்லை.

பிறகு எட்வின் வந்து, "டேப் எங்க போகுதோ அங்கயே பாடுங்க ஆன்ட்டி, போதும்" என்றார். டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "தப்புன்னு தெரிஞ்சே பாடுறேன். கர்த்தர் மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்தரத்தில் நின்ற சுருதியைப் பிடித்துப் பாடினார். ஒரே டேக். கோபமும் வருத்தமும் உள்ளே அடக்கிப் பாடிய பாட்டு. நான் அந்த ஸ்டுடியோவில் கேட்டதில் முதல் மூன்றுக்குள் அதை வைப்பேன்.

பாடி முடித்து இன்னும் இரண்டு மணி நேரம் மற்றப் பாட்டுகளைப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. டீச்சர் ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். "நான் கிளம்புறேன் சார், மணி அஞ்சாச்சு. அந்தச் சின்னப் பொண்ணையே கூப்பிட்டுக்கோங்க."

சாமண்ணா சார் சுவரைப் பார்த்தார். "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கும்மா."

டீச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு. ரெண்டு மணிக்கு உள்ள வரும்போது பார்த்தேன், ரெண்டும் ஒண்ணாதான் இருந்துச்சு. என்ன ஸ்டுடியோ சார் இது? டேப்பும் மெதுவா ஓடுது, கடிகாரமும் மெதுவா ஓடுது."

சாமண்ணா சார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு டேப் மெஷினைப் பார்த்தார். அவர் கழுத்து மெதுவாகத் திரும்பியதை இன்றைக்கும் என்னால் நடித்துக் காட்ட முடியும்.

விஷயம் இதுதான். எங்கள் பழைய டேப் மெஷினின் மோட்டாரும் அந்தக் கடிகாரமும் கரண்டின் துடிப்பைப் பிடித்து ஓடுபவை. லைன் கரண்ட் வினாடிக்கு ஐம்பது தடவை துடிக்கும். ஜெனரேட்டரை மெதுவாக ஓட்டினால் அது நாற்பத்தெட்டு ஆகும். டேப் மெதுவாகச் சுற்றும், சுருதி இறங்கும். வோல்டேஜ் மீட்டருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியாதா? தெரியும், பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன். ஆனால் பரீட்சையில் மஸ்தான் பாய் இல்லையே.

"ஏனப்பா குமரேசா," என்றார் சார், "மஸ்தானைக் கரி."

கரி என்றால் கன்னடத்தில் கூப்பிடு. சத்தியமாகச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு பழியைப் பாய் தலையில் விழவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். டீச்சர் கதவருகில் ஹேண்ட்பேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாயைக் கூப்பிட வேணாம் சார். ஸ்பீடைக் குறைக்கச் சொன்னது நான்தான். சத்தம் வருதேன்னு சொன்னேன். டீச்சர், உங்க காது போகல. போனது என் புத்தி."

சாமண்ணா சார் கண்ணாடியைக் கழற்றினார். நாலு தடவை வரை எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டு லாக் ஷீட்டை எடுத்தார். மின்சாரக் கட்டத்தில் என் அழகான கையெழுத்தில் 'லைன்' என்று இருந்தது. அதன் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

எட்வின் கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆன்ட்டி, என் வாயில செருப்பால அடிங்க."

"சர்ச்சுக்குப் போற நேரம், செருப்பெல்லாம் கழட்ட முடியாது" என்றார் டீச்சர். ஆனால் முகம் தெளிந்துவிட்டது. மதியத்திலிருந்து குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து லைன் கரண்ட் வந்தது.

"அந்த ஒரு டேக்கைப் போடப்பா, கேட்டுட்டு அழிச்சிடலாம். தப்பு ஸ்பீடு" என்றார் சார்.

போட்டேன். டேப் இப்போது சரியான வேகத்தில் ஓடியது. கிடார் தன் ஜி-யில் உட்கார்ந்தது. அதன் மேல் குரல் வந்தது. மெதுவாக ஓடியபோது பாடிய குரல் இல்லையா, இப்போது அதுவும் கிடாரோடு சேர்ந்து மேலே ஏறியிருந்தது. சுருதி சுத்தம். ஆனால் அது ஐம்பத்தெட்டு வயதுக் குரல் இல்லை. லேசாக, தெளிவாக, கல்யாணமாகாத ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பாட்டு முடிகிறவரை அசையவில்லை.

"இருபத்தஞ்சு வயசுல எனக்கு இப்படித்தான் இருந்துச்சு," என்றார். "அப்ப யாரும் பிடிச்சு வைக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறைக்கவெல்லாம் இல்லை.

அதை அழிக்க ரெக்கார்ட் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். "பேடா!" என்று ஒரு கத்தல். கன்னடத்தில் வேண்டாம் என்று கத்தியது சாமண்ணா சார் இல்லை, டீச்சர்.

மூன்றாம் நாள் பாக்கி இரண்டு பாட்டு. சத்தத்துக்கு வேறு வழி கண்டுபிடித்து, ஜெனரேட்டரைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, அதைச் சரியான வேகத்தில் ஓட்ட ஏற்பாடாகியிருந்தது. ஆனால் அன்றைக்கென்று கரண்ட் போகவே இல்லை. இரண்டு மணி, இரண்டரை, மூன்று. ஃபேன் ஜம்மென்று சுற்றியது. எட்வினுக்கு ஒரே சந்தோஷம். டீச்சர் மட்டும் மைக் அறைக்குப் போகாமல் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டை சரியில்லை என்றார், தண்ணீர் கேட்டார், டீ கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, இன்னைக்குக் கரண்ட் போகாதா?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சாமண்ணா சாரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலேயே மாட்டிக்கொண்டார். எழுந்து மெயின் சுவிட்ச் இருக்கும் வராந்தாவுக்குப் போனார். டடக் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. விளக்குகள் அணைந்தன. பின்கட்டிலிருந்து அவர் குரல் கேட்டது: "மஸ்தான்! ஹல்லூ!"

திரும்பி வந்து லாக் ஷீட்டை எடுத்தார். மின்சாரக் கட்டத்தில் 'ஜெனரேட்டர்' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'மின்தடை' என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"சைன் பண்ணு."

"சார், மின்தடைன்னு..."

"லைன்ல கரண்ட் இருக்கா இப்போ?"

மேலே நின்றுபோன ஃபேனைப் பார்த்தேன். "இல்ல சார்."

"அப்புறம் என்ன? சைன் பண்ணு."

போட்டேன். டீச்சர் ஹேண்ட்பேக்கை எட்வின் கையில் கொடுத்துவிட்டு, தலைப்பைச் செருகிக்கொண்டு மைக் அறைக்குள் போனார்.